சி ஷிப்ட் முடிந்தால் வரும் கொப்புளம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் பேச வேண்டும் என்றால் சுவரோரம் ஒதுங்கிவிடுவேன். ரேஷன் கடையில் என் முறை வந்த பிறகும் பின்னால் நிற்பவரை முன்னால் விட்டுவிட்டு நிற்பேன். அப்படிப்பட்டவள், மறைவிடத்தில் வரும் புண்ணைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். படிக்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். சுளித்துக்கொண்டாவது படியுங்கள். இந்தப் புண் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியாத காரணத்தால் என் வீட்டில் பல வருஷம் ரத்தம் சிந்தியது. கடைசியில் சம்பந்தமே இல்லாத ஒருவருடைய ரத்தமும் சிந்தியது.

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியின் கேன்டீனில் எனக்கு வேலை. ஒரு வாரம் காலையில் ஏ ஷிப்ட், ஒரு வாரம் மத்தியானம் பி ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி சி ஷிப்ட் என்று மாறி மாறி வரும். சி ஷிப்டில் காலை டிபனுக்கு இட்லி ஊற்றுவோம். ஆவிப் பெட்டியைத் திறந்து மூடித் திறந்து மூடி முகமே வெந்த மாதிரி ஆகிவிடும். விடிந்து கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தால் வீட்டில் சமையல் காத்திருக்கும், தண்ணீர் பிடிக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும். படுத்தால் கீழ் வீட்டு டிவி கத்தும். அந்த வாரம் முழுக்க நான் தூங்கினேன் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்த இடத்தில் கண் சொருகும், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். கல்யாணமான புதிதில் வடக்கே சரக்கு ஏற்றிப் போகும் லாரியில் இருந்தார். ஒரே மகள், அவளைக் காஞ்சிபுரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டோம். அதன் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

முதல் தடவை அது வந்தது ஒரு சி ஷிப்ட் வாரம் முடிந்த கையோடு. தொடையின் உள்பக்கம் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு. அப்புறம் இடுப்பிலிருந்து கால் வரை ஒரு இழுப்பு வலி. அடுத்து சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள், கொத்தாக, சொல்லக்கூடாத இடத்தில். அவை உடைந்து புண்ணான பிறகு ஒன்றுக்குப் போகவே பயமாக இருந்தது. மிளகாய்ப் பொடியை அள்ளி வைத்த மாதிரி எரியும்.

சூடு என்று நினைத்தேன். கேன்டீன் ஆவியில் நிற்பவளுக்குச் சூடு பிடிக்காமல் என்ன செய்யும்? வெந்தயத்தை ஊறவைத்து விழுங்கினேன். உச்சியில் விளக்கெண்ணெய் வைத்தேன். கேட்கவில்லை. எதிர்வீட்டு அம்மாவிடம் தொடையில் கொப்புளம் என்று மட்டும் சொன்னேன். அவர் பார்க்காமலே அது அக்கிதான் என்றார். மணிமங்கலம் பக்கம் மண்பானை செய்கிற வீட்டில் அக்கிக்கு எழுதுவார்கள், போய் எழுதிக்கொண்டு வா என்று அனுப்பினார்.

பானை செய்பவரின் மனைவி என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போனார்.

"எங்கமா கீது?"

"தொடையில."

"தொடையிலயா, இன்னும் மேலயா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"சரி வுடு. எங்க இருந்தா எனக்கு இன்னா. நீ பொடவைய தூக்கு, நான் வேற எங்கியோ பாத்துகினு எழுதறேன்."

செங்காவியைக் குழைத்து இறகால் தொட்டுத் தொட்டு என் தொடையில் ஒரு சிங்கம் வரைந்தார். எனக்கு அது பூனை மாதிரிதான் தெரிந்தது. கேட்டதற்கு, "காவி காஞ்சா சிங்கமாயிடும்" என்று சிரித்தார். மூன்று நாள் வந்து எழுதிக்கொள்ள வேண்டும், அதுவரை தண்ணீர் படக்கூடாது என்றார்.

அன்றைக்கே என் வீட்டுக்காரர் அந்தக் காவியைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடி இது? தொடையில பொம்ம போட்டுக்கினு வந்துகிற? எவன் போட்டான்?"

"பொம்பளதான் எழுதுனாங்க. அக்கிக்கு."

"அக்கி முதுவுல வரும், இடுப்புல வரும், பாத்துகிறேன். அங்க வர்ற அக்கி எந்த ஊர் அக்கி?"

குளியலறைக்குள் இழுத்துப்போனார். பாத்திரம் தேய்க்கும் தேங்காய் நாரால் அந்தச் சிங்கத்தைத் தேய்த்து எடுத்தார். ஒரு கையால் என் வாயைப் பொத்திக்கொண்டு தேய்த்தார். காவி போன பிறகும் சிவப்பு போகவில்லை. அதையும் காவி என்று நினைத்து இன்னும் தேய்த்தார்.

கொப்புளம் தானாக ஆறியது. எழுதியதால்தான் ஆறியது என்று நான் நம்பினேன். கொஞ்ச மாதம் கழித்துத் திரும்ப வந்தது. அதே இடம், அதே குறுகுறுப்பு, அதற்கு முந்தின வாரம் அதே சி ஷிப்ட். அதற்குப் பிறகும் வந்தது. எல்லா சி ஷிப்டுக்கும் வரவில்லை. ஆனால் வந்தபோதெல்லாம் சி ஷிப்டின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது. இதை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான்.

"ஏ ஷிப்ட் போனா வர்ல. பி ஷிப்ட் போனா வர்ல. ராத்திரி போய்ட்டு வந்தா மட்டும் வருது. இதுக்கு நான் காலேஜ் படிக்கணுமா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. நடந்ததை நடந்தபடிதான் சொன்னார். நான் எங்கும் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். பிறகு ஏன் ராத்திரி வேலைக்குப் பின்னால் மட்டும் வருகிறது என்று எனக்கே தெரியாதபோது எதைச் சொல்லி அவரை மறுப்பேன்?

அதிலிருந்து சி ஷிப்ட் வாரத்தில் தினமும் காலை நான் வந்ததும் கதவைச் சாத்திவிட்டுச் செல்போன் டார்ச்சில் சோதனை போடுவார். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டிப் பெண் பையைத் திறந்து பார்ப்பாள், கையை விரிக்கச் சொல்லித் தடவிப் பார்ப்பாள். அவளாவது "போங்கக்கா" என்று சொல்லி அனுப்புவாள். இங்கே கொப்புளம் இல்லாத நாளில் ஒரு வார்த்தை இல்லாமல் எழுந்து போவார். இருக்கிற நாளில் அடி. குக்கர் மூடியால் அடித்தார். தலைமுடியைப் பிடித்து அடுப்பு மேடையில் மோதினார். ஒரு தடவை விரலை மடக்கிக் கதவிடுக்கில் வைத்தார். புண்ணின் மேலேயே உதைத்த நாளும் உண்டு, அன்றைக்கு எனக்குக் கொஞ்ச நேரம் காது கேட்கவில்லை.

கேன்டீனில் கேட்டால் ஈரத் தரையில் வழுக்கிவிட்டது என்பேன். எங்கள் கேன்டீனில் காய் நறுக்கும் அக்கா ஒருவர் உண்டு. குன்றத்தூரில் தனியாக ரூம் எடுத்து இருப்பவர், யாருக்கும் பயப்படாதவர். ஒருநாள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உன் வூட்டு தரை மட்டும் எப்டிடி எப்பவும் ஈரமாவே கீது? ஏரியிலயா வூடு கட்டிகினு கீற?"

அன்று நான் ஸ்டூலில் உட்கார முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அக்கா கிட்டே வந்து காதில் கேட்டார். முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். சொன்னபோது வெங்காயம் உதவியாக இருந்தது.

"அரசு ஆஸ்பத்திரியில சுகவாழ்வு மையம்னு ஒண்ணு கீது. இந்த மாதிரிக்குன்னே கீற எடம். நாளைக்கு வா, நான் கூட வர்றேன்."

அங்கே இருந்த டாக்டரம்மா என் மகளை விடக் கொஞ்சம் பெரியவர். திரையை இழுத்துவிட்டுப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. தொடையில் இருந்த பழைய காயத்தையும் பார்த்தார். அதைப் பற்றிக் கேட்டார், நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டதும் எழுதி வைத்துக்கொண்டார்.

"இதுக்கு ஹெர்பிஸ்னு பேரும்மா. வைரஸ்."

"அக்கின்னாங்க."

"அக்கிக்கு இது சொந்தம். ஆனா இது வேற, அது வேற. இது எழுதினாலும் ஆறும், எழுதாட்டியும் ஆறும். அப்புறம் திரும்ப வரும்."

என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "நான் எங்கயும் போவல டாக்டரம்மா. அப்புறம் ஏன் புதுசு புதுசா வருது?"

"புதுசா வரல. பழசுதான் எழுந்து வருது." பேனாவால் தன் முதுகின் அடிப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "ஒரு தடவ உள்ள வந்துட்டா, இங்க முதுகெலும்புகிட்ட நரம்புல போய்ப் படுத்துக்கும். புண்ணு ஆறினாலும் அது அங்கயே இருக்கும். உடம்பு அசந்த நேரம் பாத்து அதே நரம்பு வழியா அதே இடத்துக்கு வரும். நீங்க இன்னொருத்தர்கிட்ட போய் வாங்கிட்டு வரவே வேணாம்."

"ராத்திரி வேல பாத்தா வருமா?"

"தூக்கம் கெட்டா வரலாம். காய்ச்சல் வந்தா, மாசவிலக்கு சமயத்துல, அந்த எடத்துல உராய்ஞ்சா, மனசு எப்பவும் பயத்துலயே இருந்தா. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணு. சிலருக்குக் காரணமே தெரியாது."

மனசு பயத்திலேயே இருந்தால் என்று அவர் சொன்னது எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. சி ஷிப்ட் வருகிறது என்றாலே சோதனையை நினைத்துப் பயந்துகொண்டே இருப்பேன். கொப்புளம் வந்தால் அடி. அடிக்குப் பயந்தால் கொப்புளம். எது முன்னால், எது பின்னால்?

"எப்ப உள்ள வந்துச்சு?"

"அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா. பல வருஷம் முன்னாடிகூட இருக்கலாம். குடுத்தவங்களுக்கே தெரியாம இருக்கலாம். உடம்புல ஒரு புண்ணும் தெரியாமலே சிலபேர்கிட்ட இருக்கும்."

எனக்கு ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் வடக்கே போய்விட்டு வந்தால் அவருக்கும் இதே மாதிரி வந்திருக்கிறது. லாரி இன்ஜின் சூடு என்றார். நான்தான் வேப்பிலையை மஞ்சளோடு அரைத்துக் கொடுத்தேன். இளநீர் வாங்கிவந்து வெட்டிக் கொடுத்தேன். அவருக்கு வந்தபோது சூடு. எனக்கு வந்தபோது ஊர் மேய்ந்த நோய்.

டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். குறுகுறுப்பு தெரிந்தவுடன் போட ஆரம்பித்தால் சீக்கிரம் அடங்கும் என்றார். அடியோடு போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம். புண் இருக்கும்போது வீட்டுக்காரரோடு சேரக்கூடாது, மற்ற நாளில் ஆணுறை வேண்டும். அவரையும் ஒருமுறை கூட்டிவரச் சொன்னார்.

வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார். "வர்றேன். டாக்டர் வாயால கேட்டுட்டு அப்புறம் பேசிக்கிறேன் உன்ன" என்று சொல்லிக்கொண்டே சட்டை மாற்றினார்.

டாக்டரம்மா என்னிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் டாக்டரம்மா, "உங்களுக்கு எப்பவாவது இந்த மாதிரி வந்திருக்கா?" என்று கேட்டார்.

"எனக்கு எதுவும் வந்தது கெடையாது."

நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார்.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் செவிட்டில் ஒன்று விட்டார். நான் பக்கத்திலிருந்த பைக்கின் மேல் விழுந்தேன், பைக் என் மேல் விழுந்தது. "தூக்கம் இல்லனா கொப்புளம் வருமா? நானும்தான் ராவும் பகலும் லாரில தண்ணி அடிக்கிறேன், எனக்கு வர்ல? டாக்டருக்கு நல்லா சொல்லிக்குடுத்து கூட்டிகினு வந்துகிறடி." சைலன்சர் பட்டு என் கணுக்காலில் தோல் உரிந்தது. சுற்றி நின்றவர்கள் பைக்கைத் தூக்கினார்கள்.

அன்று சாயங்காலம், நான் போகும் ஆள் யார் என்று அவரே முடிவு செய்துவிட்டார். சி ஷிப்டுக்கு எங்கள் ரூட்டில் வரும் பஸ் டிரைவர் தென்காசிப் பக்கத்துப் பையன். தங்கமான பிள்ளை. தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, பெண்ணின் போட்டோவை எங்கள் எல்லோருக்கும் காட்டியிருந்தான். தெருநாய்கள் துரத்துகின்றன என்று பெண்கள் சொன்னதால் கூட்டு ரோட்டோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு தெரு முனையிலும் நிறுத்தி ஏற்றிக்கொள்வான். அவன் சி ஷிப்டுக்கு மட்டும் வருவான், கொப்புளமும் சி ஷிப்டுக்கு மட்டும் வருகிறது. என் வீட்டுக்காரருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

"அடுத்த சி ஷிப்ட் வரட்டும். உனக்கு வந்துச்சுன்னா அவன் உயிரோட இல்ல."

நான் வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் அவர் சொன்னது நிஜம் என்று ஆகிவிடும். விடாமல் போனால் அந்தப் பையனை என்ன செய்வாரோ. எனக்கு வரக்கூடாது, வரக்கூடாது என்று அடுத்த சி ஷிப்ட் வாரம் முழுக்க வேண்டிக்கொண்டேன். அவனிடம் சொல்லி எச்சரிக்கலாம் என்று தினமும் பஸ் ஏறும்போது நினைப்பேன். எதைச் சொல்லி ஆரம்பிப்பது? சீட்டில் போய் உட்கார்ந்துவிடுவேன். கடைசியில் அக்காவிடம் சொன்னேன். அக்கா அன்றிலிருந்து கூட்டு ரோடு வரை என்னோடு வந்து இறங்கினார், அங்கிருந்து குன்றத்தூர் பஸ் பிடித்தார்.

வாரக் கடைசியில் குறுகுறுப்பு வந்தது. மாத்திரை போட்டேன். கொப்புளம் ஒன்றே ஒன்றுதான் வந்தது. டார்ச் வெளிச்சத்துக்கு ஒன்று போதும். அன்று அவர் அடிக்கவே இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது எனக்கு அடியை விடப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை பஸ் கூட்டு ரோட்டைத் தொட்டபோது தண்ணீர் லாரி குறுக்கே நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தான். அவர் வீல் ஸ்பானரோடு இறங்கி வந்து டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, அவன் காலைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டார்.

"எய்யா, யாருய்யா நீ? எதுக்குய்யா அடிக்க?"

முதல் அடி தோளில் விழுந்தது. காய்ந்த மட்டை முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. இரண்டாவது அடி காதோரம். ரத்தம் காக்கிச் சட்டையின் காலருக்குள் ஓடியது. டீக்கடையில் இருந்தவர்கள், ஏ ஷிப்டுக்கு நின்ற பையன்கள் எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

"எம் பொண்டாட்டி ஒடம்புல நீ ஏத்துன நோய்டா! ராத்திரிக்கு ராத்திரி ஏத்துனடா!"

அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பஸ் படியில் நின்றேன். அந்த இடத்திலேயே செத்துப்போயிருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பையன் கீழே கிடந்து என்னைத்தான் பார்த்தான். "எக்கா, சொல்லுங்கக்கா. நான் ஒண்ணும் செய்யலன்னு சொல்லுங்க." ஸ்பானர் மூன்றாவது தடவை மேலே போனது.

நான் இறங்கி நடுவில் போய் நின்றேன்.

"அவன உடு. நோய் உன்கிட்டேந்து வந்துது. வடக்க போய்ட்டு வந்து சூடு சூடுன்னு வேப்பல பூசினியே, அதான் இது. நான்தான் அரச்சு குடுத்தேன். உன்ன தவிர எனக்கு வேற யாரு? ராத்திரி தூங்காம வேல செஞ்சா எழுந்து வருது. நீ அடிக்கிற பயத்துல எழுந்து வருது. டாக்டர் சொன்னப்போ செவுத்த பாத்துகினு இருந்தல்ல?"

அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை. அவரை நீ என்று சொன்னதும் அன்றைக்குத்தான்.

ஸ்பானர் என் மேல் இறங்கியது. கையைத் தூக்கினேன். இடது மணிக்கட்டு எனக்கு எதிரிலேயே வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. வலி உடனே தெரியவில்லை, வாந்தி வந்தது.

அப்போது அக்கா தன் டிபன் கேரியரைச் சுழற்றி அவர் வாயில் அடித்தார். "பேமானி! பொம்பளைக்கு நோய் குடுத்துட்டு பஞ்சாயத்து பண்ண வந்துகிறியா?" பஸ்ஸிலிருந்து மற்றப் பெண்களும் இறங்கினார்கள். இட்லிப் பெட்டி தூக்கும் கைகள் அவை. செருப்பு, பை, தண்ணீர் பாட்டில், கிடைத்ததால் எல்லாம் அடித்தார்கள். அவர் விழுந்த பிறகும் அடித்தார்கள். பல் ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. அவர் என்னைக் கூப்பிட்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். யாரையும் தடுக்கவில்லை.

பையனை ஆம்புலன்ஸ் ஏற்றிப்போனது. தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது, காதில் தையல் போட்டார்கள். என் வீட்டுக்காரரைப் போலீஸ் ஜீப் ஏற்றிப்போனது. என் கைக்குக் கட்டுப் போட்ட பிறகு ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். எழுதுகிற போலீஸ்காரர் தலையைத் தூக்காமல் கேட்டார். "காரணம் கள்ளத்தொடர்பு சந்தேகம்னு போட்டுக்கவா?"

அப்படி எழுதினால் அந்தப் பையனின் கல்யாணம் என்ன ஆகும் என்று நினைத்தேன். தென்காசிக்குச் செய்தி போக எவ்வளவு நேரம் ஆகும்?

"வேணாம் சார். அந்தப் புள்ளைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நோய் பேர எழுதுங்க. ஹெர்பிஸ். ஒரு தடவ வந்தா நரம்புலயே இருக்கும், தூக்கம் கெட்டா திரும்ப வரும். டாக்டரம்மா எழுதின சீட்டு கீது."

"தூக்கம் கெட்டா வருமா? இன்னாமா சொல்ற?"

"வரும் சார். சிலருக்கு வாயில வருமாம், காய்ச்சல் வந்தா, ராத்திரி முழிச்சா. உதட்டோரம் கொப்புளம். அதுவும் இந்த இனந்தான்னு சொன்னாங்க."

அவர் எழுதுவதை நிறுத்தினார். இடது கை விரல் தானாக மேலே போய் உதட்டோரத்தைத் தொட்டது. அங்கே காய்ந்த பொருக்கு ஒன்று இருந்தது. பக்கத்தில் நின்ற அக்கா, "சாருக்கு நைட் டூட்டி போல" என்றார். போலீஸ்காரர் ஏற்கனவே எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, "பேர திரும்ப சொல்லுமா" என்றார். சொன்னேன். எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார்.

அன்று அக்காவின் ரூமுக்குப் போனேன்.

மறுநாள் காலையும் தொடையில் குறுகுறுப்பு இருந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துத் தூங்கினேன்.